16 டிகிரி ஹேண்டில்பாருக்கு எந்த ஸ்டெம்? ஒரு ஹார்ட்டெயில் சைக்கிளின் நிகழ்வு ஆய்வு

புகார் இதுதான். கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் பாதைகளில் வாரக்கடைசியில் ஓட்டுகிறவர். இரண்டு மணி நேரம் தாண்டினால் இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. இறங்கிக் கையை உதறினால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. ஆனால் மணிக்கட்டின் வெளிப்பக்கம், சுண்டுவிரல் பக்க எலும்பை ஒட்டி வரும் வலி மறுநாள் வரை நிற்கிறது. வயது 44, உயரம் 171 செ.மீ., எடை 72 கிலோ, பகல் முழுக்க கம்ப்யூட்டர் வேலை.

தீர்வையும் அவரே முடிவு செய்து வாங்கி வைத்திருந்தார்: பின்னோக்கி 16 டிகிரி வளைந்த ஹேண்டில்பார் ஒன்று, 35 மி.மீ. ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) ஒன்று. "வசதியாக உட்கார வேண்டும், அதனால் சின்ன ஸ்டெம்" என்பது கணக்கு. ஹேண்டில்பார் சரியான தேர்வுதான். ஸ்டெம் தவறு, அது கையைப் பழைய இடத்திலிருந்து ஆறு சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் கொண்டுவந்துவிடும். கடைசியில் அந்த சைக்கிளில் ஏறியது 90 மி.மீ. ஸ்டெம். பழையதைவிட 20 மி.மீ. நீளம். இருந்தும் கை முன்பைவிட உடம்புக்குப் பக்கத்தில்தான் விழுகிறது. இது எப்படி என்பதுதான் இந்த ஆய்வு.

சைக்கிள்

ஹார்ட்டெயில், அதாவது பின்னால் ஷாக் இல்லாத மவுண்டன் பைக். 29 அங்குலச் சக்கரம், அலுமினிய ஃபிரேம், 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க், ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் குழாயின் சாய்வு) 69 டிகிரி. கம்பெனியிலிருந்து வந்தபடியே 70 மி.மீ. ஸ்டெம், மேல்நோக்கி 7 டிகிரி. ஹேண்டில்பார் 720 மி.மீ. அகலம், 9 டிகிரி ஸ்வீப் (பின்னோக்கிய வளைவு), 15 மி.மீ. ரைஸ் (மேல்நோக்கிய உயர்வு), நடுவில் 31.8 மி.மீ. விட்டம். ஸ்டெமுக்குக் கீழே 10 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி வளையம்), மேலே இன்னொரு 10 மி.மீ. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், வலப்பக்கம் ஒரே ஒரு ஷிஃப்டர்.

ஹேண்டில்பாரைத் தொடுவதற்கு முன்

கை வலி என்றதும் ஹேண்டில்பாரை மாற்றுவது, தலைவலி என்றதும் கண்ணாடி மாற்றுவது மாதிரி. சில சமயம் காரணம் அதுவாகவே இருக்கும். முதலில் மற்றதைப் பார்த்துவிட வேண்டும்.

சீட்டின் மூக்கு 3 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. இப்படி இருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும். அந்த வழுக்கலை உள்ளங்கைதான் தாங்கும். சீட்டின் நடுப்பகுதி தரைக்கு இணையாக வரும்படி திருத்தப்பட்டது. டயர் 2.25 அங்குலம், காற்று 45 பி.எஸ்.ஐ. இருந்தது. இந்த எடைக்கு அது கல். டியூப் போட்ட டயர் என்பதால் முன்னால் 25, பின்னால் 28 என இறக்கப்பட்டது. ஃபோர்க்கில் ஓட்டுநர் உட்கார்ந்ததும் 20 மி.மீ. அளவுக்கு அமுங்குகிறது, அதில் குறையில்லை. பிரேக் லீவர்கள் கிட்டத்தட்ட தரைக்கு இணையாக நின்றன. விரலை அதன்மேல் வைக்கும்போது மணிக்கட்டு பின்னோக்கி மடங்கி, உள்ளங்கையின் அடிமேடு முழுப் பாரத்தையும் வாங்கியது. லீவர்கள் 30 டிகிரி கீழே இறக்கப்பட்டன. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே கோடாக வந்தால் சரி.

சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்வு கொடுக்கும் நரம்பு, அந்த அடிமேட்டின் வெளிப்பக்கம் ஒரு குறுகலான வழியாகப் போகிறது. அங்கே அழுத்தம் விழுந்தால் அந்த விரல்கள்தான் மரக்கும். மரப்பு கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் பக்கம் இருந்தால் அது வேறு நரம்பு. மணிக்கட்டு மடங்கி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கிப் பல மணி நேரம் ஆகியும் மரப்பு போகவில்லை, சட்டை பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை என்றால் அது சைக்கிள் கடை வேலையே இல்லை, மருத்துவரிடம் போக வேண்டியது.

இந்த மூன்று திருத்தங்களுக்குப் பிறகு மரப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. மணிக்கட்டு வலி மட்டும் அப்படியே இருந்தது. மரப்பு பாரத்தால் வந்தது, வலி கோணத்தால் வருகிறது என்று இரண்டும் தனித்தனியாகப் பிரிந்தது இங்கேதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் இது தெரிந்திருக்காது.

கோணத்தைப் பார்க்க பென்சில் போதும். இரண்டு கையிலும் கைக்கு ஒரு பென்சிலை முஷ்டியில் பிடித்து, கண்ணை மூடி, ஹேண்டில்பார் அகலத்துக்குக் கைகளை முன்னால் நீட்டச் சொல்லுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும். பென்சில்கள் ஒரே நேர்கோட்டில் நிற்காது. உள்முனை முன்னாலும் வெளிமுனை பின்னாலும் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வுதான் அந்தக் கைக்கு இயல்பான ஸ்வீப். மேலிருந்து கைபேசியில் படம் எடுத்து அளந்ததில் இவருக்கு இரண்டு கையும் 15 முதல் 18 டிகிரி. சைக்கிளில் இருப்பதோ 9. மிச்சக் கோணத்தை மணிக்கட்டு பக்கவாட்டில் ஒடிந்து ஈடுகட்டிக்கொண்டிருந்தது. வலி வந்த இடமும் அதுதான்.

எந்த வளைவு

நம்மூர் ரோட்ஸ்டர் சைக்கிளின் ஹேண்டில்பார் தொடக்கத்திலிருந்தே பின்னோக்கி வளைந்ததுதான். பால்கேன் கட்டிக்கொண்டு விடியற்காலையில் போகிறவர் மணிக்கட்டு வலி என்று யாரிடமும் போனதில்லை. மவுண்டன் பைக்தான் கிட்டத்தட்ட நேரான கம்பியைப் பிடித்துக்கொண்டது. அதற்கும் காரணம் உண்டு. செங்குத்தான இறக்கத்தில் முழங்கையை வெளியே விரித்து, மார்பைத் தாழ்த்தி, முன்சக்கரத்தின்மேல் பாரம் போட நேரான ஹேண்டில்பார்தான் தோது. ஸ்வீப் கூடக்கூட முழங்கை விலாவை ஒட்டி வரும். உட்கார்ந்து ஓட்டுவதற்கு சுகம். கல்படிகளில் இறங்குவதற்கு அவ்வளவாக இல்லை.

சந்தையில் கிடைப்பவற்றை ஸ்வீப் கணக்கில் பார்த்தால், சாதாரண மவுண்டன் பைக் ஹேண்டில்பார்கள் 5 முதல் 9 டிகிரி. எஸ்கியூலேப் நிறுவனம் 12, 16 டிகிரிகளில் செய்கிறது. சர்லியின் மொலோக்கோ 34 டிகிரி, 735 மி.மீ. அகலம். ஜோன்ஸ் எச்-பார், லூப் எச்-பார் 45 டிகிரி. 660, 710 மி.மீ. அகலங்களில் வருகின்றன. மொலோக்கோவிலும் லூப் எச்-பாரிலும் முன்னால் ஒரு வளையம் நீட்டிக்கொண்டிருக்கும். கையை இடம் மாற்றி மாற்றிப் பிடிக்கலாம், முன்னால் பை கட்டலாம். நாள் முழுக்க மண்பாதையில் போகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு.

இவருக்கு 34-உம் 45-உம் தேவைப்படவில்லை. பென்சில் காட்டியது 15 முதல் 18. ஓட்டுவதில் பாதி எஸ்டேட் ஜீப் தடம், மீதி வேரும் கல்லும் கொண்ட ஒற்றையடிப் பாதை. அங்கே முழங்கை கொஞ்சமாவது விரிய வேண்டும். ஆகவே அவர் வாங்கிய 16 டிகிரி ஹேண்டில்பாரே இருக்கட்டும் என்று முடிவானது: அலுமினியம், 780 மி.மீ., ரைஸ் 30 மி.மீ., விட்டம் 31.8. ஒரு விஷயம் மட்டும் சரிபார்க்கப்பட்டது: நகர சைக்கிளுக்கான மெல்லிய ஹேண்டில்பாரா, மவுண்டன் பைக்குக்குச் சோதித்ததா? பின்வளைந்த ஹேண்டில்பார்களில் விலை குறைந்தவை பலவும் முதல் வகை. ஐ.எஸ்.ஓ. 4210 தரவிதியில் நகர சைக்கிளுக்கும் மவுண்டன் பைக்குக்கும் சோதனைகள் வேறு வேறு. பெட்டியிலோ தயாரிப்பாளரின் குறிப்பிலோ மவுண்டன் பைக் என்று இல்லையென்றால் கல்பாதைக்கு அது வேண்டாம்.

டிகிரி ஸ்டெமைச் சொல்லாது, பின்னிழுப்பு சொல்லும்

ஸ்டெமின் நீளத்தை முடிவு செய்ய வேண்டிய எண் ஒன்று உண்டு. அது பெட்டியில் பெரும்பாலும் அச்சாகி இருக்காது. ஸ்டெம் கவ்வும் நடுக்கோட்டிலிருந்து கிரிப்பின் நடுப்பகுதி எவ்வளவு பின்னால் விழுகிறது என்ற தூரம். இங்கே அதைப் பின்னிழுப்பு என்று சொல்வோம். ஒரே 16 டிகிரி என்று போட்ட இரண்டு ஹேண்டில்பார்களில் ஒன்று நடுவிலிருந்தே வளையும். இன்னொன்று முதலில் கொஞ்சம் முன்னால் போய்விட்டுப் பிறகு வளையும். டிகிரி ஒன்றே, பின்னிழுப்பில் மூன்று நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும்.

அளப்பதற்கு டைல்ஸ் போட்ட தரை போதும். ஹேண்டில்பாரின் நடுப்பகுதி ஒரு டைல்ஸ் இணைப்புக் கோட்டின் நேர்மேலே வரும்படி வையுங்கள். ரைஸ் இருப்பதால் ஒரு பகுதி தரையைத் தொடாமல் நிற்கும். கிரிப் பகுதி தரைக்கு இணையாக இருக்கும்படி நடுவில் அட்டை சொருகலாம். கிரிப்பின் நீளம் 130 மி.மீ. என்றால் முனையிலிருந்து 65 மி.மீ. உள்ளே ஒரு டேப் ஒட்டுங்கள். உள்ளங்கை உட்காரும் இடம் அது. அங்கிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் புள்ளிக்கும் இணைப்புக் கோட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் பின்னிழுப்பு கிடைத்துவிடும். இரண்டு பக்கமும் அளக்கவும். வித்தியாசம் 2 மி.மீ.க்கு மேல் வந்தால் ஒன்று ஹேண்டில்பார் கோட்டில் நேராக உட்காரவில்லை, அல்லது அது ஏற்கெனவே விழுந்து வளைந்தது.

பழைய 720 மி.மீ. ஹேண்டில்பாரின் பின்னிழுப்பு 37 மி.மீ. புதியது முழு 780 அகலத்தில் 77 மி.மீ. ஸ்வீப் கூடினால் அகலம் குறைவாகவே தேவைப்படும் என்பதால் கிரிப்களை இரண்டு பக்கமும் 20 மி.மீ. உள்ளே தள்ளி, 740 என்ற நிலையில் அளந்தபோது 71. கவனிக்க: அகலத்தைக் குறைத்தால் கை முன்னால் போகிறது. ஹேண்டில்பாரை வெட்டுவதும் ஸ்டெமை நீட்டுவதும் ஒரே திசையில் வேலை செய்கின்றன.

கணக்கு

ஸ்டெமில் எழுதியிருக்கும் 70 மி.மீ., சாய்வாக அளந்தது. ஸ்டீரர் குழாய் (ஃபோர்க்கின் மேல்நீட்சி, ஸ்டெம் கவ்வுவது இதைத்தான்) 69 டிகிரியில் பின்னால் சாய்ந்திருப்பதால், 0 டிகிரி ஸ்டெமே தரையிலிருந்து 21 டிகிரி மேல்நோக்கித்தான் நிற்கும். +7 என்றால் 28 டிகிரி. 70-ஐ 28 டிகிரியின் கோசைனால் பெருக்கினால் முன்னால் போவது 62 மி.மீ.; சைனால் பெருக்கினால் மேலே போவது 33 மி.மீ. பள்ளிக்கூடத்துத் திரிகோணமிதி இதற்குப் போதும்.

பழைய அமைப்பில் கை விழுந்த இடம்: 62-இல் 37 போக, ஸ்டீரருக்கு 25 மி.மீ. முன்னால்.

இப்போது அவர் வாங்கி வைத்திருந்த 35 மி.மீ., 0 டிகிரி ஸ்டெமைப் போட்டுப் பாருங்கள். முன்னால் போவது 33 மி.மீ. மட்டும். பின்னிழுப்பு 71. கை ஸ்டீரருக்கு 38 மி.மீ. பின்னால் விழும். அதாவது பழைய இடத்திலிருந்து 63 மி.மீ. உடம்பை நோக்கி. ஒரு அளவு சின்ன ஃபிரேமுக்கு மாறியதைவிட மோசம். நின்று மிதித்தால் முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும். ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும். அதைச் சமாளிக்க சீட்டைப் பின்னால் தள்ளுவார்கள். சீட் தண்டவாளத்தில் கிடைப்பது இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான், அதுவும் பெடலுக்கு மேல் முட்டி நிற்கும் இடத்தைக் கெடுத்துவிடும். கை வலிக்குப் போட்ட மருந்து முட்டி வலியாக வந்து நிற்கும்.

இவருக்கு வேண்டியது பழைய இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் பக்கத்தில், ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில். கை ஸ்டீரருக்கு 15 மி.மீ. முன்னால் விழ வேண்டும். 71-ஐயும் சேர்த்தால் ஸ்டெம் முன்னால் கொண்டுபோக வேண்டியது 86 மி.மீ. 90 மி.மீ. ஸ்டெமை −6 டிகிரியில், அதாவது கவிழ்த்துப் போட்டால் அது 15 டிகிரியில் நிற்கும். முன்னால் 87, மேலே 23. முன்னால் சரி. உயரத்தில் பழைய 33-ஐவிட 10 குறைகிறது. புதிய ஹேண்டில்பாரின் ரைஸ் 15 கூடுதல் என்பதால் நிகரம் 5 மி.மீ. உயர்வு. மேலே சும்மா இருந்த 10 மி.மீ. ஸ்பேசரை ஸ்டெமுக்குக் கீழே கொண்டுவந்தால் இன்னும் 9 மி.மீ. உயரும். ஸ்டீரர் சாய்ந்திருப்பதால் கூடவே 4 மி.மீ. பின்னாலும் வரும்.

கடைசிக் கணக்கு: கை ஸ்டீரருக்கு 12 மி.மீ. முன்னால், பழையதைவிட 13 மி.மீ. பக்கத்தில், 15 மி.மீ.க்கு ஒட்டிய உயர்வு. கேட்டதற்கு 3 மி.மீ. வித்தியாசம், கிரிப்பை அரை சென்டிமீட்டர் நகர்த்தினாலே அந்த அளவில் பாதி மாறிவிடும். அதற்கு மேல் துல்லியம் பார்ப்பது வீண்.

இதே ஸ்டெமை +6 டிகிரியில் நிமிர்த்திப் போட்டால் முன்னால் 80, மேலே 41. உயரம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் கை இன்னும் 7 மி.மீ. பின்னால் வரும். மேலே தூக்குகிற ஸ்டெம் எதுவும் கூடவே பின்னாலும் இழுக்கிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

"90 மி.மீ. ஸ்டெம் என்றால் லாரி ஓட்டுவது போல் இருக்குமே?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நீள ஸ்டெம் என்றால் பழைய காலம், குட்டை ஸ்டெம் என்றால் நவீனம் என்ற எண்ணம் எப்படி வந்தது என்றால், 1990-களின் மவுண்டன் பைக்குகளில் 560, 580 மி.மீ. ஹேண்டில்பாரும் 120 மி.மீ.க்கு மேற்பட்ட ஸ்டெமும் இருந்தன. பிறகு ஃபிரேம்கள் முன்னால் நீண்டன, ஹேண்டில்பார்கள் அகன்றன. அதற்கு ஈடாக ஸ்டெம் குறைந்தது. ஸ்பெயினின் மொண்ட்ராக்கர் 2013 மாடல்களில் ஃபிரேமை நீட்டி 10 மி.மீ. ஸ்டெம் வைத்தது இந்தப் போக்கின் உச்சம். ஃபிரேம் கொடுத்த நீளத்தைத்தான் ஸ்டெம் திருப்பிக் கொடுத்தது. குட்டை ஸ்டெம் மட்டும் தனியாக எந்த நன்மையையும் கொண்டுவருவதில்லை.

திருப்பும்போது கை எந்த வட்டத்தில் நகர்கிறது என்பதே ஸ்டீரிங்கின் தன்மை. கை ஸ்டீரருக்கு வெகு முன்னால் இருந்தால், திருப்பும்போது முன்பின்னாக நகர்வதோடு பக்கவாட்டிலும் நகரும். அதைத்தான் மந்தமாக உணர்கிறோம். இந்த சைக்கிளில் கை முன்பு 25 மி.மீ. முன்னால் இருந்தது, இப்போது 12. ஸ்டெம் நீண்டிருக்கிறது; கை நகரும் வட்டமோ முன்பைவிடத் திருத்தமாகவே இருக்கிறது. கண்ணுக்கு நீளமாகத் தெரியும், கைக்குத் தெரியாது.

பொருத்துதல்

தேவைப்பட்டவை: 4, 5 மி.மீ. ஆலன் கீ, டி25 பிட், 2 முதல் 10 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் டார்க் ரெஞ்ச், கேபிள் வெட்டி, 4 மி.மீ. கியர் அவுட்டர், ஒரு புதிய கியர் இன்னர் வயர், ஸ்பிரிட், சுத்தமான துணி.

முதலில் பார்த்த 90 மி.மீ. ஸ்டெம் திருப்பி அனுப்பப்பட்டது. ஸ்டீரரைக் கவ்வும் பகுதியின் உயரம் பழைய ஸ்டெமில் 40 மி.மீ.; அதில் 42. கீழே இரண்டு ஸ்பேசரும் போன பிறகு ஸ்டீரரின் மேல்விளிம்பு ஸ்டெமின் மேல்விளிம்புக்கு 4.5 மி.மீ. கீழே போய்விடும். இருக்க வேண்டியது 2 அல்லது 3. அதைவிட ஆழமானால் மேல் போல்ட் கவ்வ வேண்டிய இடத்தில் குழாயின் சுவர் குறைவாக இருக்கும். இறுக்கும்போது ஸ்டெம் ஒருபக்கமாகக் குவியும். 40 மி.மீ. உயரமுள்ள வேறொன்று எடுக்கப்பட்டு, இடைவெளி 2.5-இல் நின்றது. இனி இந்த சைக்கிளில் உயர்த்துவதற்கு ஸ்பேசர் மிச்சமில்லை. மேலும் உயரம் வேண்டுமென்றால் ரைஸ் கூடிய ஹேண்டில்பார்தான்.

வேலை செய்யும் வரிசை முக்கியம். முன்தகட்டின் நான்கு போல்ட்டையும் கழற்றி, பழைய ஹேண்டில்பாரை லீவர்களோடு ஒரு கயிற்றில் தொங்கவிடவும். ஹோஸில் தொங்கக் கூடாது. மேல்மூடி போல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டெமின் பக்க போல்ட்டுகளைத் தளர்த்தும்போது ஒரு கை ஃபோர்க்கைப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் ஃபோர்க் கீழே இறங்கி ஹெட்செட் (ஃபோர்க் சுழலும் பேரிங்) வளையங்கள் சிதறும். ஸ்டீரரையும் புதிய ஸ்டெமின் உட்புறத்தையும் ஸ்பிரிட்டால் துடைக்கவும். அங்கே கிரீஸ் வேண்டாம். போல்ட் மரைக்கு மட்டும் கொஞ்சம் போதும்.

மேல்மூடி போல்ட் ஸ்டெமைப் பிடித்து வைப்பதற்கு இல்லை. ஹெட்செட் ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டும். முன்பிரேக்கைப் பிடித்து, சக்கரத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து முன்பின் ஆட்டினால் டக்கென்ற ஆட்டம் நிற்கும் வரை இறுக்கினால் போதும், பலமே தேவைப்படாது. திருப்புவது கனத்தால் கூடிவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகே சக்கரத்தோடு ஸ்டெமை நேர்செய்து பக்க போல்ட்டுகளை மாற்றி மாற்றி 5 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுவரவும். பக்க போல்ட் இறுகிய பிறகு மேல்மூடியைத் திருகி ஆட்டத்தை எடுக்கப் பார்ப்பது அடிக்கடி நடக்கிற தவறு. ஸ்டெம் நகராது, உள்ளே இருக்கும் நட்சத்திர நட்தான் மேலே இழுபடும்.

முன்தகட்டை மூலைக்கு மூலை இறுக்க வேண்டும். மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவு. சில ஸ்டெம்களில் மேல் இடைவெளியே இல்லாமல் முதலில் மேல் போல்ட்டுகளை மூடச் சொல்லியிருப்பார்கள். ஸ்டெமில் எழுதியிருப்பதே கடைசி வார்த்தை. கார்பன் ஹேண்டில்பார் என்றால் மணல்பசை போன்ற கார்பன் பேஸ்ட் தடவி, எழுதிய அளவுக்கு மேல் ஒரு துளிகூட இறுக்காமல் விட வேண்டும்.

ஹேண்டில்பாரை முன்பின்னாக உருட்டி வைக்கும் கோணத்துக்கு ஸ்வீப் கூடக்கூட மதிப்பு கூடுகிறது. 16 டிகிரியில் 10 டிகிரி தவறாக உருட்டினால் கிரிப் 3 டிகிரிக்கும் குறைவாகவே மேலோ கீழோ சாயும். 45 டிகிரி ஹேண்டில்பாரில் அதே தவறு 7 டிகிரிச் சாய்வாகும். மணிக்கட்டுக்கு உடனே தெரியும். அந்த வகை வாங்கியவர்கள் "சரிப்படவில்லை" என்று கழற்றும் முன் உருட்டலை இரண்டு மூன்று டிகிரியாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

இடறியவை

கியர் கேபிள். ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுக்கத் திருப்பியபோது ஷிஃப்டரிலிருந்து வரும் அவுட்டர் விறைத்து நின்றது. ஓடும்போது கியர் தானாக மாறும் நிலை. 40 மி.மீ. நீளமான அவுட்டர் போடப்பட்டது. பழைய இன்னர் வயர், பின்னால் செயினை நகர்த்தும் டிரெய்லியரின் முனையில் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்ததால் அது எட்டாது; புதியதாகவே போட வேண்டியிருந்தது. பின்பிரேக் ஹோஸ் தப்பித்தது, கொஞ்சம் தாராளமாகவே விட்டிருந்தார்கள். எட்டாமல் போனால் நீளமான ஹோஸ், புதிய ஆலிவ், இன்சர்ட் (ஹோஸ் முனைக்கான சிறு இணைப்புகள்), காற்று எடுக்கும் வேலை என்று செலவு ஸ்டெமின் விலையைத் தாண்டிவிடக்கூடும். எந்த எண்ணெய் என்பதை லீவரின் மூடியில் பாருங்கள். மினரல் ஆயிலும் டாட் திரவமும் ஒன்றுக்கொன்று ஆகாது, சீல்கள் ஊதிவிடும்.

லீவர் கிளாம்ப். இந்த ஹேண்டில்பாரில் சிக்கல் வரவில்லை. வளைவு கூடிய வகைகளில் முழு வளையமான கிளாம்ப் வளைவைத் தாண்டி ஏறாது. திறந்து மூடும் கீல் கிளாம்ப் வேண்டும். நேரான பகுதியின் நீளத்தையும் அளக்கவும். கிரிப் 130, லீவர் கிளாம்ப், ஷிஃப்டர் கிளாம்ப் எல்லாம் சேர்த்து 190 மி.மீ. இல்லையென்றால் ஷிஃப்டர் வளைவின்மேல் ஏறி நிற்கும், கட்டைவிரலுக்கு எட்டாது.

விட்டம். ஸ்டெம் 31.8 ஆக இருந்து ஹேண்டில்பார் 25.4 என்றால் இடையில் ஷிம் (மெல்லிய இடைவளையம்) போடலாம். 35 மி.மீ. ஹேண்டில்பாரை 31.8 ஸ்டெமில் போட எந்த வழியும் இல்லை. மரை வைத்த பழைய ஃபோர்க் உள்ள சைக்கிளுக்கு உள்ளே இறங்கும் குவில் ஸ்டெம்தான் வரும். அதற்கு அடாப்டர் கிடைக்கிறது, ஆனால் அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச ஆழக்கோடு வெளியே தெரியக் கூடாது.

கோணம் மாற்றக்கூடிய மடக்கு ஸ்டெம் ஒன்று கடையில் இருந்தால் அளவு பார்க்க உதவும். சமதளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றிவிடவும். கல்பாதைக்கு அது போகக் கூடாது. அந்த மூட்டு நெகிழ்ந்துவிடும்.

ஓட்டிய பிறகு

மணிக்கட்டு வலி முதல் நீண்ட சவாரியிலேயே தெரியும்படி குறைந்தது. அடுத்தடுத்த வாரங்களில் மறுநாள் வரை நிற்பது போய்விட்டது. மரப்பு, தார் ரோட்டில் நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும்போது மட்டும் வலது கையில் வருகிறது. லீவரை விரலுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்ததும் அதிலும் பாதி போயிற்று. மிச்சம் பிடியின் பழக்கம்.

கெட்டதும் உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாக அலைந்தது. உயரம் 15 மி.மீ. கூடி, கையும் 13 மி.மீ. பக்கத்தில் வந்ததன் விலை அது. சீட்டை முன்னால் தள்ளலாம் என்பது அவர் யோசனை. வேண்டாம் என்றாயிற்று, முட்டியின் இடம் சரியாக இருக்கிறது. அதற்குப் பதில் கீழே இருந்த 10 மி.மீ. ஸ்பேசர்களில் ஒன்று எடுக்கப்பட்டு 5 மி.மீ. போடப்பட்டது, மிச்ச 5 மேலே போனது. கை 5 மி.மீ. தாழ்ந்து, 2 மி.மீ. முன்னால் போயிற்று. அலைச்சல் நின்றது. இரண்டாவது, கல்படி இறக்கத்தில் முழங்கை முன்போல் விரிவதில்லை என்றார். 16 டிகிரியில் அது இருக்கத்தான் செய்யும். அதை மட்டும் தனியாகத் தீர்க்க வழி கிடையாது; 12 டிகிரிக்கு இறங்கினால் தீரும், வலி திரும்பலாம்.

வெட்டுவது கடைசியில்தான். 740 அகலத்தில் சில வாரம் ஓட்டி, பிறகு இரண்டு பக்கமும் 20 மி.மீ. வெட்டப்பட்டது. தயாரிப்பாளர் குறித்திருக்கும் வெட்டு எல்லையைத் தாண்டக் கூடாது. டேப் சுற்றி, பழைய ஸ்டெமையே வழிகாட்டியாக மாட்டி, அங்குலத்துக்கு 32 பல் கொண்ட ஹாக்சா பிளேடால் அறுத்து, உள்விளிம்பை உருண்டை அரத்தால் தேய்த்தால் முடிந்தது. கார்பன் என்றால் மாஸ்க் போட்டு, வெட்டும் இடத்தை நனைத்து அறுக்க வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வெட்டிய பின் முனை அடைப்பான் கட்டாயம். திறந்த குழாய் முனையோடு விழுந்தால் அது தொடையில் ஏறும்.

அவர் பிறகு கேட்டது, நீண்ட பயணத்துக்காக இதே ஃபிரேமில் 45 டிகிரி வளைய ஹேண்டில்பார் போடலாமா என்று. பார்த்து வைத்திருந்த ஒன்றை அதே டைல்ஸ் கோட்டில் வைத்து அளந்ததில் பின்னிழுப்பு 110 மி.மீ. வந்தது. கையை 15 மி.மீ. முன்னால் நிறுத்த ஸ்டெம் 125 மி.மீ. முன்னால் போக வேண்டும்; ஸ்பேசர் இழுக்கும் அளவையும் சேர்த்து −6 டிகிரியில் கிட்டத்தட்ட 133 மி.மீ. ஸ்டெம். அந்த நீளத்தில் மவுண்டன் பைக் ஸ்டெம் தேடி அலைவதைவிட, அந்த ஹேண்டில்பாருக்கு ஒரு அளவு பெரிய ஃபிரேமைப் பார்ப்பது நல்லது என்று சொல்லி அனுப்பப்பட்டது.